நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்

எங்கள் வட்டாரத்துக் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்கள் சேர்ந்து ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம். "மூத்தவர்கள் தங்கள் இனிய நினைவுகளை எழுதி அனுப்பவும்" என்று வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது, பூங்கொத்துப் படத்தோடு. அதற்கு நாலு செய்தி கீழே, அறிவிப்புப் போட்ட அதே ஆசாமி, "உங்கள் போன் ஸ்லோவாக இருக்கிறதா? இந்த க்ளீனரை இன்ஸ்டால் செய்யுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று ஒரு லிங்க்கையும் தட்டிவிட்டிருக்கிறார். அவர் சேலையூரில் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். அடப்பாவி! ரிப்பேர் பார்க்கிறவன் கையாலேயே ரிப்பேரை விநியோகம் பண்ணினால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இனிய நினைவு எதுவும் என்னிடம் இல்லை. கோபம் இருக்கிறது, வேண்டிய மட்டும் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். போடுவதானால் முழுசாகப் போடுங்கள். வெட்டுவதானால் போடவே வேண்டாம்.

என் பெயர் குமரேசன். டிப்ளமோ முடித்து, குரோம்பேட்டையில் டிவி ரிப்பேர் பார்த்து, அந்த வேலை ஓய்ந்ததும் கம்ப்யூட்டருக்குத் தாவினேன். மேற்குத் தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கு நாலு தெரு தள்ளி ஒரு மாடிக் கடை. ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த ஒரே கடை, ஒரே முதலாளி. நான் வேலை கற்றுக்கொண்ட கதை யாருக்கும் வேண்டாம். எல்லோரையும் போல நானும் நாலைந்து மெஷினைக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

என் கோபம் முழுவதும் ஒரே ஒரு வகைச் சாமான் மேல். ஹைஜாக்கர் என்போம். நீங்கள் இன்டர்நெட்டைத் திறந்தால் உங்கள் பக்கம் வராது, அவன் பக்கம் வரும். நீங்கள் ஒன்றைத் தேடினால் அவன் காசு வாங்கிக்கொண்டு வைத்திருக்கிற கடைகளை முதலில் காட்டுவான். வைரஸ் என்றால் ஃபைலை அழிக்கும், மெஷினைப் படுக்க வைக்கும், ஆள் அலறிக்கொண்டு கடைக்கு ஓடிவருவார். இது அப்படி இல்லை. மெஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கும், போகிற இடம் மட்டும் மாறிவிடும். வேறு ஏதோ ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது அதன் மடியில் உட்கார்ந்துகொண்டு உள்ளே வரும். நடுவில் ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதன் பக்கத்தில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருப்பார்கள். அந்த டிக்கை நீங்கள் எடுக்காவிட்டால் சம்மதம் கொடுத்ததாகக் கணக்கு. இதைக் கண்டுபிடித்தவன் எங்கேயோ ஏசி அறையில் சௌக்கியமாக இருக்கிறான். அவனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு வாடிக்கையாளர். பெரிய உத்தியோகத்தில் இருந்து ரிட்டயரானவர். கம்ப்யூட்டரை வேகமாக்குகிற சாஃப்ட்வேர் என்று ஒன்று போட்டிருந்தார். அது வந்ததும் மெஷின் மந்தமாகிவிட்டது. உடனே இன்னொன்று போட்டார். அதுவும் சரிப்படாமல் மூன்றாவது. நான் போய் உட்கார்ந்தபோது அந்த மூன்றும் ஒன்றையொன்று ஆபத்து, ஆபத்து என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தன. திரையில் பாதிக்குமேல் டூல்பார் என்கிற பட்டைகள், கீழே ஒரு சாண் இடத்தில் அவருடைய இமெயில் தெரிந்தது. "இதெல்லாம் எதுக்கு சார்?" என்றேன். "ஃப்ரீயா குடுத்தான்பா, வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் ஏமாளி அல்ல. ஓசியில் கொடுப்பவனிடம் முகம் சுளிக்கத் தெரியாத மனிதர், அவ்வளவுதான். நம் பக்கத்து ஆட்களின் இந்தக் குணத்தை எவனோ எங்கிருந்தோ சரியாக எடை போட்டு வைத்திருக்கிறான்.

இனி என் முதலாளி தேவராஜன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு கைக்குட்டை. ஒன்று அவருக்கு, மற்றது வாடிக்கையாளர் கீபோர்டுக்கு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கீபோர்டைத் துடைப்பார், மவுஸைக் கவிழ்த்துத் துடைப்பார், பிறகுதான் உட்காருவார். ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. எங்களை எல்லாம் "நீங்க, வாங்க" என்றுதான் கூப்பிடுவார். அவர் அப்படிக் கூப்பிட்டுத் திட்டினால், வாடா போடா என்று திட்டுவதைவிட நாலு மடங்கு உறைக்கும்.

ஹைஜாக்கரை எடுப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வரிசை மாறக் கூடாது. முதலில் நெட்டைத் துண்டிக்க வேண்டும். "ஆபரேஷன் நடக்கறப்ப வாசக்கதவு எதுக்கு தொறந்திருக்கணும், குமரேசன்?" என்பார். இரண்டாவது, மெஷினில் இருக்கிற புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து, வந்த தேதிப்படி அடுக்க வேண்டும். பெயர்ப்படி அடுக்கினால் ஒன்றும் புரியாது. தேதிப்படி அடுக்கினால் யார் யாரோடு சேர்ந்து உள்ளே வந்தார்கள் என்று தெரிந்துவிடும். மூன்றாவது, டெஸ்க்டாப் ஐகானை நம்பவே கூடாது. ரைட் க்ளிக் பண்ணி உள்ளே பார்த்தால், புரோகிராம் பெயர் முடிந்த இடத்துக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு முகவரியை ஒட்டவைத்திருப்பான். அந்த வாலை நறுக்க வேண்டும். நான்காவது, பிரவுசருக்குள் ஒட்டியிருக்கிற எக்ஸ்டென்ஷன் என்கிற ஒட்டுச் சாமான்கள். ஐந்தாவது, குறிப்பிட்ட நேரத்தில் தானாக எழுந்து வேலை செய்கிற டாஸ்க்குகள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று நாம் எழுந்திருக்கிற நேரத்தில் மறுபடி உள்ளே கொண்டுவந்து உட்கார வைப்பது அதுதான். கடைசியில், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை ரீஸ்டார்ட். ஒரே இடத்தில் நாலைந்து மெஷின் இருந்தால், கடைசி மெஷின் சுத்தமாகிற வரைக்கும் எதற்கும் நெட் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் எல்லாவற்றிலும் ஒரே இமெயிலைப் போட்டு பிரவுசரைத் திறந்து வைத்திருப்பார்கள். ஒன்றில் மிச்சமிருந்தால் மற்றதுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

இதெல்லாம் சரியான முறை. இன்றைக்கும் நான் இதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இப்போதைய பையன்கள் எடுத்ததற்கெல்லாம் "ஃபார்மட் அடிச்சுரலாம் சார்" என்கிறார்களே, அதைக் கேட்டால் தேவராஜன் சார் அந்த இடத்திலேயே இரண்டாவது கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஆனால், எடுப்பதில் இவ்வளவு பதவிசாக இருந்த அந்த மனிதரும் அவரிடம் இருந்த நாங்கள் ஆறு பேரும், ஒன்றை உள்ளே போடும்போது எப்படிப் போடுவோம் தெரியுமா? நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். ஒரு கை மவுஸில், ஒரு கை டீ கிளாஸில். இன்ஸ்டால் பண்ணுவது எங்கள் கடையில் ஒரு வேலையாகவே சேர்த்தி இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பது எங்கள் நினைப்பு. வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போது எவ்வளவு வேகமாக நெக்ஸ்ட் அமுக்குகிறோமோ அவ்வளவு பெரிய எஞ்சினியர் என்று அர்த்தம். படித்துப் பார்த்து அமுக்கினால், "இன்னா சார், புதுசா?" என்று கேட்டுவிடுவார்கள் என்று பயம். வாங்கின மரியாதை முழுக்க ஹைஜாக்கரை எடுத்துப் போடுவதற்குத்தான். உள்ளே வராமல் தடுத்தவனுக்கு எந்த ஊரிலும் மாலை போடுவதில்லை.

கடையில் மாஸ்டர் பென்டிரைவ் என்று ஒன்று. எல்லோருக்கும் வேண்டிய சாஃப்ட்வேர் அதில் இருக்கும். அதை மாதா மாதம் புதுப்பிப்பது என் பொறுப்பு. எதையும் தயாரித்தவனுடைய சொந்தப் பக்கத்துக்குப் போய் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அவசரத்தில் தேடுவேன், முதலில் வருகிற டவுன்லோடு பக்கத்துக்குப் போவேன், அங்கே இருப்பதிலேயே பெரிய பச்சைப் பட்டன் எதுவோ அதை அமுக்குவேன்.

இனி அனகாபுத்தூர் கதை. ஏழெட்டு வருஷம் இருக்கும்.

அங்கே தறிக்காரர்கள் தெருவில் வசந்தா அக்கா ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். வீட்டு முன்பக்கத்தில் தறி போட்டிருந்த கூடம். தறியை விற்றுவிட்டு மூன்று கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் வாங்கிப் போட்டிருந்தார். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பரீட்சை விண்ணப்பம் என்று அந்தத் தெருவே அவர் வாசலில்தான் நிற்கும். எனக்கு மூன்று வயது மூத்தவர், ஆனாலும் என்னை "சார்" என்பார். மனு எழுதித் தரத் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் வேண்டும் என்று கேட்டாரே என ஒருநாள் போய் மூன்று மெஷினிலும் மாஸ்டர் பென்டிரைவிலிருந்து போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போன் செய்தார். "சார், எதைத் தொட்டாலும் வேற வேற பக்கமா வருது சார். ஒரே விளம்பரம். ஜனங்க திட்றாங்க. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க சார், புண்ணியமாப் போவும்" என்றார். பல்லாவரம், பம்மல் வழியாக வெயிலில் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சென்டரில் வசந்தா அக்காவைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண், நந்தினி என்று பெயர். கையில் பிளாஸ்டிக் ஃபைல். அவளுடைய அப்பா, நெசவு வேலை போய் பம்மலில் ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருப்பவர். எஞ்சினியரிங் கவுன்சலிங்குக்காக வந்திருந்தார்கள். மார்க்குப்படி எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் வேண்டும் என்று பிள்ளைகள் வரிசையாகப் பட்டியல் போட்டு இணையத்தில் பதிந்து, பூட்டு போடுகிற மாதிரி லாக் செய்ய வேண்டும். அவள் வாங்கிய மார்க்குக்கு நகரத்துக்குள்ளேயே ஒரு அரசுக் கல்லூரி நிச்சயம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போய்விட்டு வந்துவிடலாம், ஹாஸ்டல் வேண்டாம். அந்தத் தெருவில் அப்படி ஒரு சீட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணியோடு அவள் சுற்றுக்குக் கெடு முடிகிறது.

நான் போனதும் போகாததுமாக நெட்டைப் பிரித்துக் கொடுக்கிற சுவிட்ச் பெட்டியிலிருந்து நெட் வயரைப் பிடுங்கினேன். மூன்று மெஷினுக்கும் ஒரே வயர்.

"சார், ஒரே ஒரு பிரிண்ட் எடுத்துக்கறேன் சார். என் லிஸ்ட்டு" என்றாள் நந்தினி.

"பட்டியல் ரொப்பியாச்சா?"

"நேத்தே ரொப்பிட்டேன் சார். ஆனா லாக் பண்ற பட்டன் எங்கயுமே வரல. நன்றின்னு மட்டும் வந்துச்சு."

"மெஷின்ல இந்தப் பீடை இருக்கற வரைக்கும் எந்தப் பட்டனும் ஒழுங்கா வராதும்மா. உக்காரு. சுத்தம் பண்ணிக் குடுக்கறேன், அப்புறம் லாக்கும் பண்ணிக்கோ, பிரிண்ட்டும் எடுத்துக்கோ. மணி ரெண்டுகூட ஆவல."

அவள் அப்பா சந்தோஷமாக இருந்தார். "காலைலருந்து போன் வந்துகினே கீது சார். ஒங்க பொண்ணுக்கு சீட்டு கீது, எங்க காலேஜுக்கு வாங்கோன்னு கூப்புட்றான் சார். எங்க பொண்ணு மார்க்கு அவனுக்கு எப்டி தெரியும்? கவர்மென்ட்லருந்து போயிருக்கும் போல" என்றார்.

"நல்லது சார்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். எந்தப் பட்டியலும் வெளியே வராத நாளில், ஒரு வாட்ச்மேன் வீட்டுக் கீபேட் போனுக்கு எவனெவனோ எப்படிக் கூப்பிடுகிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. என் கண்ணெல்லாம் மெஷின் மேல் இருந்தது.

தேதிப்படி அடுக்கினேன். பட்டியலின் தலையில் மூன்று பெயர், ஒரே நாள், ஒரே நிமிஷம். ஒன்று தமிழ் டைப்பிங். மற்ற இரண்டும் அந்தக் கழிசடைகள். அது நான் வந்துபோன நாள். அடுத்த மெஷினில் பார்த்தேன், அதே நாள், நாலு நிமிஷம் தள்ளி. மூன்றாவதில் இன்னும் நாலு நிமிஷம் தள்ளி. வரிசையாக ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து நானே என் கையால் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். எங்கே என்ன வேலை பார்த்தோம் என்று குறித்து வைக்கிற ஜாப் ஷீட் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துப் புரட்டினேன். அன்றைய தேதியில் என் கையெழுத்தில் இருந்தது: தமிழ் டைப்பிங் மூன்று மெஷின், ஓகே.

காது இரண்டும் சூடாகிவிட்டது. வசந்தா அக்கா எனக்காக மோர் கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். குடிக்க முடியவில்லை.

அந்த நிமிஷத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அக்கா, இது என்னால் வந்தது" என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்து அந்தப் பெண்ணிடம், "நேத்து எந்தப் பக்கத்துலம்மா ரொப்பினே, காட்டு" என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. என்ன செய்தேன் என்றால், வெறி பிடித்தவன் மாதிரி சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். நான் வந்துபோன அடையாளமே மிஞ்சக் கூடாது என்பது போல. வாலை நறுக்கினேன். எக்ஸ்டென்ஷனைப் பிடுங்கினேன். டாஸ்க் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முதல் மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது, சனியன். ஒரு டாஸ்க்கை விட்டிருந்தேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அது முடிவதற்கே மூன்றரை ஆகிவிட்டது.

"சார், இந்த ஒரு மெஷின் ரெடியாயிடுச்சுன்னா..." என்று நந்தினி மெதுவாகக் கேட்டாள்.

"மூணும் முடியாம நெட்டு குடுக்க முடியாதும்மா. குடுத்தா திரும்ப வந்துரும். ஒன் லிஸ்ட்டு எங்கயும் ஓடிப் போயிடாது, கவலப்படாதே."

வசந்தா அக்கா அவளிடம், "சார் பெரிய எஞ்சினியரு, அவர் சொன்னா சரியா இருக்கும்" என்றார். அவளும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். எங்கள் ஆட்கள் படிப்பாளியைப் பார்த்தால் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அந்த மரியாதை அன்றைக்கு அந்தப் பெண் தலையில் கல்லைப் போட்டது. என் சட்டைப் பையில் நெட் போட்ட போன் ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கொடுத்திருந்தால் அவள் கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பாள். எனக்குத் தோன்றவே இல்லை. என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பெரும்பங்கு அந்தப் போனுக்காகத்தான்.

ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசி மெஷினின் இரண்டாவது ரீஸ்டார்ட். அந்தப் பழைய மெஷின் எழுந்து நிற்கவே ஏழெட்டு நிமிஷம். வயரைச் சொருகினேன். "வாம்மா" என்றேன். பெருமையாகத்தான் கூப்பிட்டேன்.

அவள் வந்து உட்கார்ந்து, திரை நடுவில் இருக்கிற தேடுகிற பெட்டியில் கவுன்சலிங் பக்கத்தின் பெயரை அடித்தாள். எல்லோரும் அப்படித்தான். மேலே முகவரி அடிக்கிற பட்டை ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அச்சடித்துக் கொடுத்த முகவரியைக்கூட நடுப்பெட்டியில்தான் அடிப்பார்கள், முதலில் வருவதைத்தான் அமுக்குவார்கள். நேற்றுவரை அந்தப் பெட்டி ஹைஜாக்கருடையது. இன்றைக்குச் சுத்தமான மெஷின் அல்லவா, சரியான பக்கத்துக்குப் போனது.

"சார், இது வேற மாதிரி இருக்கு" என்றாள்.

"என்ன வேற மாதிரி?"

"நேத்து நான் ரொப்பினது இது இல்ல சார். அது நீலக் கலர்ல இருந்துச்சு."

பள்ளிக்கூடத்தில் பதிந்து கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டு அவள் உள்ளே போனாள். அவளுடைய பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில், நீங்கள் இதுவரை எதையும் தேர்வு செய்யவில்லை என்று இருந்தது. நந்தினி ஃபைலைத் திறந்து, அவளும் அவள் டீச்சரும் உட்கார்ந்து எழுதிய காகிதத்தை எடுத்து, முதல் கல்லூரியைத் தேட ஆரம்பித்தாள். முதல் பெயரை அவள் க்ளிக் செய்தபோது திரையில் நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது.

அவள் மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அதே.

முந்தின நாள் அவள் குந்தியிருந்து ரொப்பியது, ஹைஜாக்கர் முதலில் கொண்டுவந்து காட்டிய ஏதோ ஒரு புரோக்கர் கும்பலின் பக்கம். பிள்ளைகளின் பெயர், மார்க்கு, போன் நம்பர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, எந்தப் பாடம் வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு, கடைசியில் நன்றி என்று போட்டு அனுப்பிவிடுகிற பக்கம். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் காலையிலிருந்து போன் செய்திருக்கிறார்கள். "என்னா சார் ஆச்சு? இன்னா சொல்து?" என்று அவள் அப்பா என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். யார் அவருக்குப் பதில் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. நான் சொல்லவில்லை.

உதவி எண்ணுக்குக் கூப்பிட்டோம், பேசிக்கொண்டே இருக்கிறது என்று வந்தது. மறுநாள் அவர்கள் நேரிலும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். மீதி இருக்கிற இடங்களுக்குக் கடைசியில் ஒரு சுற்று நடக்கும், அதில் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மீதி இருக்கிற இடத்தில் அந்தக் கல்லூரி எப்படி இருக்கும்?

நான் மறுநாள் காலை ஜாப் ஷீட்டை எடுத்துக்கொண்டு தேவராஜன் சார் முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஹைஜாக்கர் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு சார்."

"ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன் சார். நான் அதச் சொல்லல. அதை உள்ள போட்டதே நாமதான் சார். நம்ம பென்டிரைவ். நான் அமுக்கின நெக்ஸ்ட்."

"எல்லாரும்தான் அமுக்கறாங்க, குமரேசன். பென்டிரைவை மாத்திடுங்க. அந்தப் பொண்ணோட அட்மிஷன் நம்ம ஜாப் ஷீட்ல இல்ல. நீங்க போய் என்னத்தையாவது ஒத்துக்கிட்டு வந்தீங்கன்னா, நாளைக்கு நாம பாத்த அத்தனை மெஷினையும் தூக்கிட்டு வந்துடுவாங்க."

அத்தனை மெஷின். அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. அந்த மாதம் நான் அந்தப் பென்டிரைவோடு எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறேன்! பொழிச்சலூர், பம்மல், மாடம்பாக்கம், கேளம்பாக்கத்தில் ஒரு ட்யூஷன் சென்டர். எந்த வீட்டில் யார் எதைத் தேடி எங்கே போய் விழுந்தார்களோ. கத்தினேன். அந்தக் கடையில் யாரும் கத்திக் கேட்டதில்லை. சார் அடுத்த ஜாப் ஷீட்டை என் பக்கம் தள்ளினார். நானும் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டேன் என்பதைத்தான் கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

அன்றிலிருந்து நான் எதையும் தயாரித்தவன் பக்கத்தில்தான் எடுத்தேன், முகவரியை மேலேதான் அடித்தேன், ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்துத்தான் நெக்ஸ்ட் அமுக்கினேன். கஸ்டமர்கள் என்னை மந்தம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் என் ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்ல இதை எழுத உட்காரவில்லை. ஒரு வாரம் கழித்து நான் வசந்தா அக்கா சென்டருக்கு மறுபடி போனேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் உள்ளே போய் உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, நந்தினியின் அப்பா வாசலில் வந்து நின்றார். நின்று தெருவே கூடுகிற மாதிரி கத்தினார்.

"யம்மா, ஒன்ன நம்பித்தானே வந்தோம்! ஒரு வார்த்த சொல்லக்கூடாது, இது அது இல்லன்னு? எம் பொண்ணு சோறு துன்னாம கெடக்குது. இன்னாத்துக்கு இந்தக் கடைய வெச்சிகினு கீறே? இழுத்து மூடு!"

வசந்தா அக்கா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். "தப்புதான்ணா. எந்தலயெழுத்து. எனக்குப் படிப்பு இல்ல, நான்தான் எதையோ அமுக்கித் தொலச்சிருக்கேன்" என்றார். அந்த மனிதர் அழுதுகொண்டே போனார். இன்டர்நெட் பார்க்க வந்து நின்ற இரண்டு பேரும் அவர் பின்னாலேயே நழுவினார்கள். சென்டர் அதற்குப் பிறகு நாலு மாதம்தான் ஓடியது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். நந்தினி ஏதோ ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்ததாகவும் கேள்வி.

அந்தக் கூடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். ஜாப் ஷீட் என் பையில் இருந்தது. வசந்தா அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "நீங்க அவ்ளோ நேரம் ஒக்காந்து செஞ்சு குடுத்தீங்க சார். என்னாலதான் எல்லாம். நான் இனிமே எப்படி சார் இருக்கணும்? சொல்லுங்க" என்று கேட்டார்.

வருஷக்கணக்காக எல்லோருக்கும் புத்தி சொல்லிப் பழகிய வாய். அது தானாகத் திறந்தது. "இனிமே எதையும் படிச்சுப் பாத்து க்ளிக் பண்ணுங்க அக்கா" என்றேன்.

"சரி சார்" என்றார் வசந்தா அக்கா.